பன்சி தர் மல்ஹோத்ரா

பன்சி தர் மல்ஹோத்ரா, மின்கடத்தும் பாலிமர்களையும் அவற்றால் செய்யப்படும் உயிரி உணரிகளையும் ஆராய்ந்த இந்தியப் பொருளறிவியலாளர். புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உயிர்மூலக்கூறு மின்னணுவியல், மின்கடத்தும் பாலிமர் ஆய்வுக் குழுவை வழிநடத்தினார். பின்னர் தில்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையில் பேராசிரியரானார். 2002இல் தம் குழுவினருடன் அவர் எழுதிய மீள்பார்வைக் கட்டுரை, உயிரி உணரித் துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டவற்றுள் ஒன்று.

ஆய்வகம்

பிர்லா மந்திர் இருக்கும் மந்திர் மார்க்குக்கு மேற்கே, ரிட்ஜ் காட்டின் மறுபுறம் பூசா பகுதியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் உள்ளது. 1947 ஜனவரி 4 அன்று ஜவஹர்லால் நேரு இதற்கு அடிக்கல் நாட்டினார். முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், ஆய்வகம் இருக்கும் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. கிராஃபைட் படிகங்களின் காந்தப் பண்புகளை அளந்தவர் கிருஷ்ணன். கிராஃபைட்டில் கார்பன் அணுக்களுக்கிடையே பரவி நிற்கும் எலெக்ட்ரான்களே மின்கடத்தும் பாலிமர்களுக்கும் அடிப்படை.

பின்னணி

மின்கம்பிக்கு உறையாகப் போடப்படும் பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாய்வதில்லை. கார்பன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் பாலிமர்கள் வேறு வகை. அவற்றிலிருந்து சில எலெக்ட்ரான்களை நீக்கினாலோ சேர்த்தாலோ சங்கிலி நெடுக மின்னூட்டம் நகரத் தொடங்கும். இதை மாசூட்டல் என்பர். 1977இல் ஹிடேகி ஷிராகாவா, ஆலன் மக்டியார்மிட், ஆலன் ஹீகர் ஆகியோர் பாலிஅசிட்டிலீன் படலத்தில் அயோடின் முதலியவற்றைச் சேர்த்து அதன் கடத்துதிறனைப் பல லட்சம் மடங்கு உயர்த்திக் காட்டினர். மூவரும் 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பாலிஅசிட்டிலீன் காற்றுபட்டால் கெட்டுவிடும். ஆகவே நிலைத்து நிற்கும் பாலிஅனிலின், பாலிபிர்ரோல் பக்கம் ஆய்வாளர்கள் திரும்பினர். அமிலத்தில் கரைத்த அனிலினைப் பனிக்கட்டித் தொட்டியில் குளிரவைத்து, அம்மோனியம் பெர்சல்பேட் சேர்த்தால் நிறமற்ற கரைசல் நீலமாகிப் பின் கரும்பச்சைப் பொடியாகப் படியும். மின்கடத்தும் வடிவம் இந்தப் பச்சைதான். அம்மோனியா பட்டால் அமிலம் நீங்கி நீலமாகும், கடத்துதிறனும் போய்விடும். மறுபடி அமிலத்தில் நனைத்தால் பச்சை திரும்பும். சூழலில் ஏற்படும் மாற்றத்தை இப்படி நிறத்திலும் மின்னோட்டத்திலும் காட்டுவதால் இப்பொருள் உணரிக்குப் பொருத்தமாயிற்று.

உணரி ஆய்வுகள்

நொதியைக் கொண்டு குளுக்கோஸை அளக்கும் மின்முனைக் கருத்தை 1962இல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் முன்வைத்தனர். நொதியை மின்முனையில் கழன்றுபோகாமல் பிடித்துவைப்பதும், வினையில் வெளிப்படும் எலெக்ட்ரானை மின்முனைக்குக் கொண்டுசேர்ப்பதும் இதிலுள்ள இரு சிக்கல்கள். பாலிமர் படலம் இரண்டுக்கும் உதவும் என்ற எண்ணத்திலேயே மல்ஹோத்ராவின் குழு பணியாற்றியது. இண்டியம் டின் ஆக்சைடு பூசிய கண்ணாடியில் பாலிஅனிலினை மெல்லிய படலமாகப் படியவைத்து, அதன்மேல் நொதியைப் பிணைத்தனர். கொலஸ்ட்ரால், லாக்டேட், யூரியா ஆகியவற்றை அளக்கும் உணரிகள் இவ்வழியில் உருவாயின. நோய்க்கிருமிகளின் டி.என்.ஏ.வைக் கண்டறியும் உணரிகளிலும் குழு ஈடுபட்டது.

மேற்கோள் தாக்கம்

மஞ்சு ஜெரார்ட், ஆஷா சௌபே ஆகியோருடன் மல்ஹோத்ரா எழுதிய, உயிரி உணரிகளில் மின்கடத்தும் பாலிமர்களின் பயன்பாடு பற்றிய கட்டுரை 2002இல் ‘பயோசென்சார்ஸ் அண்ட் பயோஎலெக்ட்ரானிக்ஸ்’ இதழில் வெளியாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகள் இதை மேற்கோள் காட்டியுள்ளன. அதுவரை சிதறிக்கிடந்த முடிவுகளை, எந்தப் பாலிமரில் எந்த நொதியை எம்முறையில் பிணைக்கலாம் என்று வகைப்படுத்தித் தந்ததால் புதிதாகத் துறைக்கு வந்தோர் அதிலிருந்தே தொடங்கினர். 2006இல் இதே பொருளில் மற்றொரு மீள்பார்வையும் 2011இல் நானோ உலோக ஆக்சைடு உணரிகள் பற்றிய கட்டுரையும் வந்தன.

மேற்கோள் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்ளும்போது கட்டுரையின் வகையையும் பார்க்க வேண்டும். யூஜின் கார்ஃபீல்டு 1960களில் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணையும், ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்மொழிந்த எச்-குறியீடும் முதல்நிலை ஆய்வையும் மீள்பார்வையையும் ஒரே தட்டில் நிறுப்பவை. பல ஆய்வுகளின் சாரத்தை ஓரிடத்தில் தரும் மீள்பார்வைக்கு மேற்கோள்கள் குவிவது இயல்பு. மேலும், மேற்கோள்கள் குவிவதாலேயே ஒரு பொருள் சந்தைக்கு வந்துவிட்டது என்றாகாது: மருந்துக்கடையில் கிடைக்கும் சர்க்கரைச் சோதனைத் துண்டுகள் பெரும்பாலும் பாலிஅனிலினை நம்பியவையல்ல. ஃபெரிசயனைடு, ஆஸ்மியம் கலவை போன்ற இடையீட்டுச் சேர்மங்களே அவற்றில் எலெக்ட்ரானைக் கடத்துகின்றன. ஆகவே 2002ஆம் ஆண்டுக் கட்டுரையின் எண்ணிக்கை, ஆய்வாளர்கள் எதைப் படித்துத் தொடங்கினர் என்பதற்குச் சான்று. சந்தைக்கு வந்த கருவிகளுக்குச் சான்றல்ல.