சாரம் கட்டிய கோப்புகள்

பாடக்குறிப்பு எழுதுகிற ஆசிரியர்களுக்கு இந்த விசயம் உடனே விளங்கும். தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றல் பேறு என்ற தலைப்புகள் மாறுவதில்லை. உள்ளே எழுதுவதுதான் மாறும். கணினி நிரல் எழுதுபவர்களுக்கும் இதே தொல்லைதான். ஒவ்வொரு வேலைக்கும் அதே கோப்புறைகள், அதே கோப்புகள், அவற்றின் தலையில் அதே வரிகள்.

யுனிக்ஸ் வகைக் கணினிகளில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. 'ஸ்கெல்' என்றொரு கோப்புறை. எலும்புக்கூடு என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. புதிதாக ஒருவருக்குக் கணக்குத் திறந்தால், அதற்குள் இருப்பதெல்லாம் அவருடைய கோப்புறைக்குப் பிரதியாகும். வெறும் பிரதி, அவ்வளவுதான்.

டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2004இல் வெளியிட்ட 'ரூபி ஆன் ரெயில்ஸ்' அதோடு நிற்கவில்லை. 'மாணவர்' என்று ஒரு பெயரை ஆங்கிலத்தில் கொடுத்தால், அதை உரிய இடங்களில் நிரப்பி, மாணவர் விபரத்தைச் சேர்க்க, திருத்த, அழிக்கத் தேவையான கோப்புகளை அந்தந்தக் கோப்புறையில் உண்டாக்கிக் கொடுத்தது. அதற்கு வைத்த பெயர் 'ஸ்கஃபோல்ட்', அதாவது சாரம். (நாங்கள் உடுக்கிற சாரம் இல்லை, மேசன்மார் கட்டுவது!) கட்டிடம் எழும்பியதும் சாரத்தைக் கழற்ற வேண்டும். பலர் கழற்றாமலே குடிபோனார்கள், அது வேறு கதை.

பிறகு 2012இல் யோமன், 2013இல் குக்கீகட்டர். 2015இல் விஎஸ் கோட் வந்தது. இன்று அதற்குள்ளேயே நீட்சிகளைப் போட்டு, நாமே செய்த அச்சிலிருந்து கோப்புறையை அப்படியே வார்த்தெடுக்கலாம்.

ஆனால் அச்சோடு, அதைச் செய்தவரின் வழக்கமும் கூடவே வருகிறது. விஎஸ் கோடில் எச்டிஎம்எல் கோப்பொன்றைத் திறந்து, ஆச்சரியக்குறியைத் தட்டி டேப்பை அமுக்கினால், 'எம்மெட்' என்ற வசதி முழுப்பக்கத்தின் கூட்டைக் கொண்டுவந்து வைக்கும். அதன் இரண்டாவது வரி, இந்தப் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்கிறது. எங்கள் பிள்ளைகள் அதற்குக் கீழே அழகான தமிழில் எழுதுகிறார்கள், அந்த வரியைத் தொடுவதில்லை. பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் எந்தக் குரலில் வாசிப்பது என்பதை அந்த வரியைப் பார்த்தும் முடிவுசெய்யும். ஆங்கிலக் குரலிடம் தமிழைக் கொடுத்தால் அது உளறும், அல்லது விட்டுவிட்டுப் போகும்.

தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் சேர்மார், டீச்சர்மார் கவனிக்க: அமைப்புகளில் 'எம்மெட் வேரியபிள்ஸ்' என்று தேடி, 'லாங்' என்பதற்கு 'டிஏ' என்று போடுங்கள். ஒரு கணினிக்கு ஒரு நிமிடம் ஆகும். புதிய தவணையில் பிள்ளைகள் வேலை தொடங்க முன்னமே செய்துவிட்டால் நல்லது.