காது வைத்த லப்டொப்

பச்சையும் வெள்ளையுமாய், இரண்டு காதுகளோடு பிறந்தது எக்ஸ்.ஓ. ஏழைப் பிள்ளைகளுக்கு நூறு டொலரில் ஒரு லப்டொப் என்பது இந்தத் திட்டத்தைத் தொடங்கிய நிக்கலஸ் நெக்ரோபொன்டேயின் வாக்கு. 2005 நவம்பரில் துனிஸ் நகரில் அதன் மாதிரியை மேடையேற்றினார். மின்சாரம் இல்லாத ஊர்களுக்கென்று, சுழற்றி மின்னேற்ற, பக்கத்தில் ஒரு கைபிடி. ஐ.நா. செயலாளர் நாயகம் கொஃபி அனான் அதைச் சுழற்றினார். கழன்று கையோடு வந்துவிட்டது. பள்ளிக்கூட லப்டொப்பை உடைக்கிறார்கள் என்று ஆராவது பெடியளைத் திட்டும்போது எனக்கு இந்தப் பெரிய மனிதர்தான் ஞாபகம் வருவார்.

2007 இறுதியில் உற்பத்தி தொடங்கியபோது கைபிடி போய்விட்டது, விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனாலும் செய்தவர்களுக்குப் பிள்ளைகளின் கை தெரிந்திருந்தது. விசைப்பலகைக்கு மேலே ரப்பர் தோல். காதுகள்தான் அன்டெனா; மடித்தால் யூ.எஸ்.பி. துளைகளை மூடிக்கொள்ளும். 2025 மே மாதத்தில் அமெரிக்க மாணவர் சிலர் டிக்டொக் சவாலென்று பென்சில் கரியையும் பேப்பர் கிளிப்பையும் செருகிப் புகை கிளப்பியது பள்ளி தந்த குரோம்புக் லப்டொப்பின் யூ.எஸ்.பி. துளையில்தான்.

பெரு நாட்டுக்கு எக்ஸ்.ஓ. லட்சக்கணக்கில் போனது. அங்கே 319 பாடசாலைகளில் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வில், கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. இலங்கையிலும் சில பாடசாலைகள் எக்ஸ்.ஓ.வைக் கண்டன. பெட்டி கையில் கிடைத்தால் பிள்ளை தானே படித்துக்கொள்ளும் என்பது நெக்ரோபொன்டேயின் நம்பிக்கை.

நல்லூர்க்காரருக்கு இந்த நம்பிக்கை புதினமாக இருக்கும். இங்கே பிறந்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டு, அடுத்த வருடம்தான் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குக் கடல் தாண்டினார். என்ன அச்சடிப்பது, ஆருக்கு என்பது யந்திரம் வருமுன்பே அவருக்குத் தெரியும். பாலபாடங்களை எழுதியவரும் அவர்தான்.

நெக்ரோபொன்டேயின் பெட்டிக்கோ கைக்கு வந்தபிறகும் சிக்கல்: பராகுவேயில் எக்ஸ்.ஓ.வின் திரைகளும் விசைப்பலகைகளும் உடைந்தன. மாற்றுவதற்கான காசு பல வீடுகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. ரப்பர் தோல் போட யோசித்தவர்கள் இதையும் யோசித்திருக்கலாம். ஆகவே எங்கள் பாடசாலைகளுக்கு ஸ்மார்ட் போட் தர வருகிறவரிடம் அதிபர்மார் நாடா வெட்ட முன்னமே கேட்கவேண்டும்: உதிரிப்பாகம் யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா, திருத்துகிற கூலி ஆர் தருவது?