சட்டைப்பைக்குள் ஒலிபெருக்கி: ரிங்டோன் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

ராஜபாளையத்துக்குத் தெற்கே, சேத்தூரை அடுத்து, மலையடிவாரத்தில் இருக்கிறது தேவதானம். இந்த வட்டாரத்தின் ஐந்து சிவன் கோயில்களைப் பஞ்சபூதத் தலங்களாக எண்ணுவது வழக்கம். சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். ஆகாயத்தின் குணம் ஓசை என்று சாத்திரக்காரர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். அந்த ஓசையை யார் எழுப்பலாம், எந்தத் தெருவில் எழுப்பலாம் என்பதைத் தீர்மானித்தது மட்டும் ஒருநாளும் ஆகாயமாக இருந்ததில்லை.

இதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. கொங்குநாட்டுக் கம்மாளர்களுக்குச் சோழர் காலத்தில் தரப்பட்ட ஆணை ஒன்று: நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம். செருப்பும் சாந்தும் சங்கும் ஒரே வரிசையில் வருவதைக் கவனிக்க வேண்டும். உலையும் சுத்தியலும் கையில் வைத்திருந்த ஒரு சமூகமே தன் வீட்டுக் கல்யாணத்தில் சங்கு ஊத அரசாணை பெற வேண்டியிருந்தது. அதற்கும் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு ஓசை ஊழியமாக விதிக்கப்பட்டது. எங்க வீட்டுச் சாவுக்கு நீ வந்து அடி. உன் கல்யாண மேளம் எங்க தெருவுக்குள்ள வரக்கூடாது. கொடை விழாவில் குழாய் ஸ்பீக்கரை எந்தத் திசை பார்த்துக் கட்டுவது என்பதில் தொடங்கிய சண்டைகள் தென்மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல.

ரிங்டோன் பற்றி எழுத உட்கார்ந்தவன் கல்வெட்டுக்குப் போவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். ரிங்டோனை ஒரு நுகர்வு விளையாட்டாக மட்டும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது என்பதால்தான். வாயைத் திறக்காமலே ஒருவர் பொதுவெளியில் எழுப்பும் குரல் அது. ஒரு சாதாரணக் கணிப்பொறியை வைத்து அந்தக் குரலைத் தானே வெட்டி, தானே ஏற்றிக்கொள்ள முடிந்த சில ஆண்டுகள் இருந்தன. அப்போது யாருடைய ஆணையும் தேவைப்படவில்லை. என் அக்கறை அந்தச் சில ஆண்டுகள்மீது.

இந்த மாவட்டத்துக்கென்று ஒரு முன்கதை உண்டு. 1997-ல் விருதுநகர் மாவட்டத்தில் தொடங்கவிருந்த அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் அறிவிக்கப்பட்டது. ஒரு தலித் வீரனின் பெயரெழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று எதிர்ப்பு கிளம்பியது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் சேர்ந்து எரிந்தது. கடைசியில் அரசு கண்ட தீர்வு, எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் எடுத்துவிடுவது. காமராசர் மாவட்டமும் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. பொதுவெளியைப் பெயரற்றதாக்கிவிட்டால் அது நடுநிலையாகிவிடும் என்கிற அரசுக் கருத்தியல் இது. பஸ்ஸின் நெற்றியிலிருந்து அழிக்கப்பட்ட பெயர்கள் சில ஆண்டுகளில் அதே பஸ்ஸுக்குள், பயணிகளின் சட்டைப்பைகளிலிருந்து பாட்டாக ஒலிக்கத் தொடங்கின.

இந்தியாவில் அலைபேசிச் சேவை தொடங்கியது 1995-ல். ஆனால் வந்த அழைப்புக்கும் காசு கட்ட வேண்டியிருந்த காலம் அது. 2003 மே மாதம் அழைப்பவரே கட்டணம் கட்டும் முறை வந்த பிறகுதான் போன் கிராமத்துக்கு வந்தது. வந்தபோது அதற்குள் ஏற்கெனவே ஒரு குரல் இருந்தது. ஸ்பானிய கிதார்க் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரேகா 1902-ல் எழுதிய வால்ட்ஸ் ஒன்றிலிருந்து நோக்கியா 1994-ல் கத்தரித்து எடுத்த சில சுரங்கள். வெட்டுகிற வேலையை முதலில் செய்தது கம்பெனிதான் என்பதை மறந்துவிடக்கூடாது. 1990-களின் இறுதியில் பின்லாந்தில் வேசா-மட்டி பானனென் என்பவர் ரிங்டோனை எஸ்.எம்.எஸ். வழியாக அனுப்பும் மென்பொருளை எழுதினார். 1998-ல் அங்கே அது விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை சுமந்த் கோபிநாத் 2013-ல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஒற்றைச் சுரமாக இருந்த ரிங்டோன் பல சுரமாகி, பிறகு முழுப் பாட்டின் துண்டாகவே மாறியபோது அதைத் தனியாக விற்பதற்கு இருந்த நியாயம் கரைந்துவிட்டது. பாட்டு என்னிடம் இருக்கிறது, கணிப்பொறி இருக்கிறது, நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

கம்பெனிகள் கொடுக்கத்தான் வேண்டும் என்றன. 2007-ல் ஆப்பிள், தன்னிடம் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பாட்டிலிருந்து 30 விநாடியை ரிங்டோனாக்க மேலும் 99 சென்ட் கேட்டது. கோப்பின் பெயர் முடிவில் இருந்த 'எம்4ஏ' என்பதை 'எம்4ஆர்' என்று மாற்றினால் போதும் என்று ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு எழுத்து! அமெரிக்காவின் இசை உரிமைச் சங்கம் அஸ்காப் இன்னும் ஒருபடி மேலே போய், ஓட்டலில் ஒருவருடைய போன் அடிப்பது பொது நிகழ்த்துதல், அதற்கும் ராயல்டி வேண்டும் என்றது. 2009 அக்டோபரில் நியூயார்க் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

நம்ம ஊர்ல இந்த வேலை செல்போன் கடைகளில் நடந்தது. ரீசார்ஜ் கார்டு, பவுச், சார்ஜர், ஓரத்தில் ஒரு கணிப்பொறி. "மெமரி கார்டு ஏத்தணுமாண்ணே? ரிங்டோன் வெட்டணுமா?" பெரும்பாலும் சினிமாப் பாட்டுத்தான், பல்லவிக்கு முந்தைய இசை, அல்லது சரணத்துக்கு முன்னால் வரும் வயலின். அதை இறக்கமாகப் பேச எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கடைக்கு கேசட்டோடு வந்தவர்களும் உண்டு. கொடையில் பதிந்த நையாண்டி மேளம், செத்துப்போன கிழவியின் ஒப்பாரி, கலை இரவு மேடையில் பதிந்த பாட்டு. இன்குலாபின் 'மனுசங்கடா'வை கே.ஏ. குணசேகரன் பாடி ஊர் ஊராகக் கொண்டுபோன தலைமுறையின் நாடாக்கள் அவை. வட இந்தியாவில் கேசட் எப்படி இசைக் கம்பெனிகளின் ஏகபோகத்தை உடைத்தது என்று பீட்டர் மானுவல் 1993-ல் எழுதினார். அந்த உடைப்பின் அடுத்த கட்டம் இந்தக் கடை ஓரத்துக் கணிப்பொறி என்பது என் கணிப்பு.

நானும் செய்து பார்த்திருக்கிறேன். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணிப்பொறிக்கு ஒரு ஒயர். ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருளில் பதிந்தால் ஓசை திரையில் மலைத்தொடர் மாதிரி எழும்பி நிற்கும். அதில் 30 விநாடியைத் தேர்ந்து வெட்ட வேண்டும். இங்கேதான் சிக்கல். போனின் சின்ன ஸ்பீக்கருக்குக் கனத்த ஓசை தெரியாது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது ஏறக்குறைய செத்துப்போகும். தவிலின் வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது. உறுமியின் அடிவயிற்று முனகல் போய்விடும். பறையில் அடிக்குச்சியின் கனம் மங்கி, மெல்லிய குச்சியின் சொடுக்கு மட்டும் துல்லியமாக வரும். நாயனம் தப்பித்துவிடும், கிழவியின் குரலும் தப்பித்துவிடும். ஆகவே கீழ்ஸ்தாயியைக் குறைத்து நடுவை ஏற்றி, கொஞ்சம் கிழியும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டி எம்.பி.3 ஆக்கினால்தான் டவுன் பஸ் இரைச்சலில் காதுக்குப் படும். பெரிய ஸ்பீக்கர் வைத்த சைனா செட்டுகள் அவ்வளவு விற்றது சும்மா இல்லை. 2009 டிசம்பர் முதல் ஐ.எம்.இ.ஐ. எண் இல்லாத போன்களின் இணைப்பைத் துண்டிக்க அரசு உத்தரவிட்டது. பாதுகாப்பு என்பது காரணம். தெருவில் சத்தமும் சேர்ந்தே குறைந்தது.

சட்டம் இந்தக் கடையை எப்படிப் பார்த்தது? 2004-ல் தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 'வீடியோ பைரேட்' என்கிற வகை சேர்க்கப்பட்டது. பெயர் வீடியோ என்றாலும், அதன் வரையறைக்குள் சினிமாவின் ஒலிப்பதிவும் வருகிறது. ஓராண்டு வரை விசாரணையின்றி உள்ளே வைக்கலாம். சாராயம் காய்ச்சுபவர் பட்டியலில் பாட்டு ஏற்றித் தருபவனும் சேர்க்கத்தக்கவன். மறுபுறம், சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. வீட்டில் நான் வெட்டினால் உரிமை, கடையில் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு தம்பி வெட்டித் தந்தால் குற்றம். வீட்டில் கணிப்பொறி வைத்திருந்தவர்கள் யார், கடைக்குப் போனவர்கள் யார் என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் ராயல்டிப் பங்கை இழக்காதபடி 2012-ல் வந்த திருத்தத்தை நான் வரவேற்கிறேன். உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். கடைப் பையனைக் குண்டனாக்காமலும் அதைச் செய்யலாம்.

இதெல்லாம் காசு பற்றிய சண்டை. உயிர் பற்றிய சண்டை மகாராஷ்டிரத்தில் நடந்தது. 2015 மே 16 அன்று, ஷீரடியில், கல்யாணத்துக்கு வந்திருந்த நர்சிங் மாணவர் சாகர் ஷேஜ்வால் உறவினர்களோடு ஒரு கடையில் உட்கார்ந்திருந்தார். அவர் போன் அடித்தது. அம்பேத்கரைப் போற்றும் பாட்டு. பக்கத்தில் இருந்தவர்கள் நிறுத்தச் சொன்னார்கள், தகராறு வந்தது, தாக்கினார்கள், அங்கிருந்து தூக்கிக்கொண்டு போய்க் கொன்றார்கள் என்று அப்போதைய செய்திகள் பதிவு செய்தன. கடையின் கண்காணிப்புக் கேமராவில் முதல் தாக்குதல் பதிவாகியிருந்தது. ஓசையை ஒழுங்குபடுத்துவதே அதிகாரத்தின் வேலை என்று ழாக் அத்தாலி 1977-ல் எழுதியதை நாமெல்லாம் மேற்கோள் காட்டி அலுத்துவிட்டோம். ஒரு போன் எத்தனை விநாடி அடிக்கும்? அந்த நேரத்தைக்கூடச் சாதியால் பொறுக்க முடியவில்லை.

இதே கணிப்பொறி, இதே வெட்டுதல் ஆதிக்கச் சாதிக்கும் அதே சுலபத்தில் கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1992-ல் வந்த 'தேவர் மகன்' படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாட்டு ஒன்று தென்மாவட்டங்களில் சாதிப் பெருமையின் கீதமாகக் கையாளப்பட்டது. குழாய் ஸ்பீக்கரிலிருந்து அது ரிங்டோனுக்கும் இறங்கியது. தொழில்நுட்பம் ஜனநாயகப்படுத்தும் என்று தோழர்கள் சிலர் அப்போது என்னிடம் ரொம்ப உற்சாகமாகப் பேசினார்கள். எனக்கு அந்த உற்சாகம் முழுதாக வரவில்லை. காரணம் நான் பார்த்த ஒரு கடைக் கணிப்பொறி. அதில் பாட்டுகள் இசையமைப்பாளர் வாரியாக இல்லை, ஃபோல்டர் ஃபோல்டராகச் சாதி வாரியாக இருந்தன. பக்தி என்று ஒரு ஃபோல்டர், கொடை என்று ஒன்று, மற்றவற்றுக்கு இனிஷியல் மட்டும். உள்ளே வந்த பையனிடம் கடைக்காரர் என்ன பாட்டு வேண்டும் என்று கேட்கவில்லை. "எந்த ஊரு தம்பி?" என்றார். ஊரைச் சொன்னதும், "ஊர்ல எந்தப் பக்கம்?" பையன் சொன்ன பிறகுதான் மௌஸ் நகர்ந்தது.

இப்போது அந்த மாதிரிக் கடைகளில் டெம்பர்டு கிளாஸ் ஒட்டுகிறார்கள். இளைஞர்களின் போன் பெரும்பாலும் அதிர்கிறது, அடிப்பதில்லை. சாதிப் பாட்டும் எதிர்ப்பாட்டும் ஸ்டேட்டஸுக்கும் ரீல்ஸுக்கும் போய்விட்டன. கேசட்டுகள் பூஞ்சை பிடித்து ஓடாமல் நிற்கின்றன. சில மேளக்காரர்களின் வாசிப்பு, சில கிழவிகளின் ஒப்பாரி, எங்காவது ஒரு பழைய மெமரி கார்டில் 30 விநாடித் துண்டாக மட்டுமே மிஞ்சியிருக்கலாம். வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய செட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் கார்டைக் கழற்றி, கணிப்பொறியில் போட்டுப் பாருங்கள். யார் வாசித்தது, எந்த ஊர்க் கொடை, எந்த வருஷம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.