37 மில்லிமீட்டர் உயரத்துக்குள்: தாழ்வான செயலிக் கூலர்களின் வரலாறு

மேசைக்கணினியின் செயலிக்கெனத் தனியாக ஒரு கூலர் வேண்டும் என்ற நிலை 1990களில்தான் உருவாயிற்று. அதற்கு முன்பு வந்த 8088, 286 போன்ற செயலிகள் சில வாட் மின்சாரத்தையே செலவிட்டதால், பெட்டிக்குள் இயல்பாக உலவிய காற்றே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. 1993இல் வெளிவந்த 66 மெகாஹெர்ட்ஸ் பென்டியமோ உச்சநிலையில் ஏறத்தாழ 16 வாட் வெப்பத்தை வெளியிட்டது. ஆகவே செயலியின் வெப்பத்தை வாங்கி மெல்லிய தகடுகளின் வழியே காற்றில் கலக்கவிடும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க்கும், அதன் தலைமேல் ஒரு சிறு விசிறியும் கணினியின் நிலையான உறுப்புகளாயின.

அடுத்த எட்டு ஆண்டுகளில் அந்த 16 வாட் நான்கு மடங்குக்கும் மேலாகப் பெருகியது. ஏஎம்டி நிறுவனத்தின் 1.4 கிகாஹெர்ட்ஸ் ஆத்லான் 72 வாட் வரை வெப்பம் உமிழ்ந்தது. அதன் சிலிக்கன் சில்லோ உலோக மூடி ஏதுமின்றி வெறுமையாக இருந்தது. ஹீட்சிங்க்கின் எஃகுக் கவ்வியைச் சாக்கெட்டின் பிளாஸ்டிக் கொக்கியில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மாட்ட வேண்டியிருந்ததால், அழுத்தம் ஒரு பக்கம் சாய்ந்தால் சில்லின் மூலை உடைந்தது; கருவி வழுக்கினால் மதர்போர்டின் செப்புத் தடங்கள் கீறப்பட்டன. அந்தக் கொக்கிகள் தாங்க வேண்டிய எடைக்கு 300 கிராம் என்ற வரம்பு இருந்தமையால் பெரிய ஹீட்சிங்க்குக்கு வழியில்லை. நிமிடத்துக்கு 7000 சுற்று அளவில் சுழலும் 60 மில்லிமீட்டர் விசிறிகள் பேரிரைச்சலோடு அந்தக் குறையை ஈடுசெய்தன. டாம்ஸ் ஹார்ட்வேர் இதழ் 2001இல் நடத்திய சோதனையில், இயங்கிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து ஹீட்சிங்க்கை அகற்றியதும் ஆத்லான் நொடிகளில் கருகியது. பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தப்பியது. செயலி பிழைக்குமா என்பதே கூலரைச் சோதிப்போரின் முதற்கேள்வியாக அக்காலத்தில் இருந்ததில் வியப்பில்லை.

இந்த நெருக்கடியைத் தீர்த்தது வெப்பக்குழாய். காற்று நீக்கப்பட்டு இருமுனையும் அடைக்கப்பட்ட செப்புக்குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு நீர், சூடான முனையில் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து, உட்சுவரின் நுண்துளைப் படலம் வழியே மீண்டும் தொடக்க இடத்துக்கு ஊறிவரும். அதே பருமனுள்ள செப்புக் கம்பியைக் காட்டிலும் இது பன்மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ரிச்சர்ட் காக்லர் 1944இல் இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தும், 1963இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் தனியே மீண்டும் உருவாக்கிய பிறகே இது பயன்பாட்டுக்கு வந்தது. 2004இல் வந்த பிரெஸ்காட் வகைப் பென்டியம் 4இன் உயர்நிலைச் செயலிகள் 100 வாட்டைத் தாண்டியபோது, வெப்பக்குழாய்களும் 120 மில்லிமீட்டர் விசிறியும் கொண்டு ஏறத்தாழ 160 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும் கோபுரக் கூலர்கள் பெருகின.

உயரம் கூடிக்கொண்டே போன அதே ஆண்டுகளில் பெட்டிகள் சுருங்கவும் தொடங்கின. தைவானின் வியா நிறுவனம் 2001இல் 170 மில்லிமீட்டர் சதுரமான மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு அளவை அறிமுகப்படுத்தியது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் செயலிகளுக்காக வகுக்கப்பட்ட அந்த அளவில், பின்னாளில் முழுவலிமைச் செயலிகளும் குடியேறின. 2016இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி உருவான டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் பெட்டியின் கொள்ளளவு வெறும் 7.2 லிட்டர்; அதில் கூலருக்குக் கிடைத்த உயரம் 48 மில்லிமீட்டர்.

இவ்வரலாற்றில் நின்று நோக்கத்தக்க படைப்பு, ஆஸ்திரியாவின் நொக்டுவா நிறுவனம் 2012இல் வெளியிட்ட என்ஹெச்-எல்9ஐ. வழக்கமான விசிறியின் தடிமன் 25 மில்லிமீட்டராக இருக்க, 14 மில்லிமீட்டரே தடித்த 92 மில்லிமீட்டர் விசிறியை 23 மில்லிமீட்டர் உயர ஹீட்சிங்க்கின்மேல் படுக்கவைத்து, மொத்த உயரத்தை 37 மில்லிமீட்டருக்குள் முடித்தார்கள். அதன் பரப்பு 95 மில்லிமீட்டர் சதுரம். செயலியைச் சுற்றி இன்டெல் ஒதுக்கிய இடத்தைத் தாண்டாததால், நினைவகப் பலகைக்கோ கிராஃபிக்ஸ் கார்டுக்கோ அது இடையூறு செய்வதில்லை. காற்று மேலிருந்து கீழே ஊதப்படுவதால், செயலிக்கு மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் அருகிலுள்ள பகுதிகளும் குளிர்கின்றன. இரண்டே வெப்பக்குழாய்களைக் கொண்ட இதைக் கோபுரக் கூலரோடு வெப்பநிலையில் மட்டும் ஒப்பிட்டுத் தாழ்த்துவது முறையன்று. தனக்கு விதிக்கப்பட்ட இடத்தை அது எவ்வளவு பயன்படுத்திக்கொண்டது என்பதே சரியான அளவுகோல்.

அவ்வளவுகோலை எண்ணாக்குவது வெப்பத்தடை. ஒவ்வொரு வாட்டுக்கும் செயலி அறை வெப்பநிலையைவிட எத்தனை பாகை உயர்கிறது என்பதை இது குறிக்கும். 22 பாகை அறையில் 80 வாட் செலவிடும் செயலி 72 பாகையில் நின்றால், தடை வாட்டுக்கு 0.625 பாகை. அதே கூலர் சென்னையின் கோடையில் 34 பாகை அறைக்கு வந்தால் செயலி ஏறத்தாழ 84 பாகையைத் தொடும். ஆதலால் அறை வெப்பநிலையைச் சொல்லாத மதிப்பீடு வெப்பநாட்டு வாசகருக்குப் பயன்படாது. விசிறி வேகத்தையும் இரைச்சல் அளவையும் சமமாக வைக்காத ஒப்பீடும் அப்படியே. சுற்று கூடக் கூட எந்தக் கூலரும் நல்ல கூலராகத் தெரியும்.

இன்று நிலைமை மேலும் மாறியிருக்கிறது. 65 வாட் என்று குறிக்கப்பட்ட ஏஎம்டியின் ரைசன் செயலி சாக்கெட்டிலிருந்து 88 வாட் வரை இழுக்கலாம். 2022இல் வந்த ரைசன் 7000 வரிசையின் உயர்நிலைச் செயலிகளோ, கடும் பணியில் 95 பாகையைத் தொட்டபடியே இயங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. எல்லாக் கூலரின்கீழும் அதே 95 பாகை தெரியும்போது வெப்பநிலையை ஒப்பிட்டுப் பயனில்லை. அந்த வரம்பில் எத்தனை வாட்டைக் கூலர் வெளியேற்றுகிறது என்றே பார்க்க வேண்டும். மேற்கண்ட 0.625 தடைக்கு அது 22 பாகை அறையில் ஏறத்தாழ 117 வாட், 34 பாகை அறையில் 98 வாட். நொக்டுவாவும் ஒரே வாட் எண்ணால் கூலரின் திறனைச் சொல்வதை விட்டு, தனக்கென ஒரு மதிப்பெண் முறையையும், எந்தச் செயலிக்கு எந்தக் கூலர் ஏற்றது எனத் தனித்தனியே காட்டும் பட்டியலையும் வெளியிட்டுவருகிறது.