மணலில் எழுதிய ஏ, பி, சி, டி

"நாங்கள்லாம் மணல்ல எழுதிப் படிச்சவங்கப்பா" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிலேட்டு வாங்கக்கூட வழியில்லாத காலம் என்று நாமும் தலையாட்டி விடுவோம். ஆனால் அந்த மணல் கடல் தாண்டி லண்டன் வரை போன கதை ஒன்று உண்டு, நண்பர்களே!

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பையன் 'அ' என்று உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதுவான். கண் பார்க்கிறது, காது கேட்கிறது, வாய் சொல்கிறது, விரல் உணர்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில். தப்பாகப் போனால் கையால் ஒரு தடவு, அவ்வளவுதான். இன்று 'பல்புலன் வழிக் கற்பித்தல்' என்று பெரிய பெயர் வைத்திருப்பது இதற்குத்தான்.

1787-ல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789-ல் எழும்பூரில் இருந்த அனாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகள் படித்த இடம். ஒருநாள் குதிரையில் போகும்போது நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். ஆங்கில எழுத்தையும் இப்படியே கற்றுக்கொடுங்கள் என்று தம் வாத்தியார்களிடம் சொன்னார். அவர்கள் மசியவில்லை. பெல் என்ன செய்தார் தெரியுமா? ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கீழ் வகுப்புக்குச் சட்டாம்பிள்ளையாகப் போட்டார். வாத்தியார்கள் மறுத்ததைப் பொடியன் செய்து காட்டினான்!

1796-ல் ஊர் திரும்பிய பெல், 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்றே பெயர். 1811-ல் தொடங்கிய தேசியக் கல்விச் சங்கம் அதை இங்கிலாந்து முழுக்கப் பரப்பியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் நடக்கிறது. ஆனால் அங்கே எல்லாரையும் கவர்ந்தது சட்டாம்பிள்ளைதான், சம்பளம் மிச்சமாயிற்றே! மணலை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

நம் பக்கத்திலும் அதே கதிதான். 1792 முதல் 1799 வரை சேலம், பாராமகால் சீமையில் வேலை பார்த்த தாமஸ் மன்றோ, பின்னாளில் கவர்னராக 1826-ல் கொடுத்த கணக்குப்படி சென்னை மாகாணத்தில் 12,498 நாட்டுப் பள்ளிகள் இருந்தன. அவை மறைந்தபோது மணலும் மறைந்தது.

மணல் திரும்பி வந்த வழி விசித்திரமானது. ரோம் நகரில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய டாக்டர் மரியா மாண்டிசோரி, மரத்தில் எழுத்துகள் செய்வித்து அவர்களை விரலால் தடவ வைத்தார். அந்தப் பிள்ளைகளில் சிலர் மற்றப் பிள்ளைகளோடு பரீட்சை எழுதித் தேறினார்கள். 1907-ல் சாதாரணப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய பிறகு, அதேபோல் மர எழுத்து செய்து தர அவருக்கு ஆள் அமையவில்லை. உப்புத்தாளை எழுத்தாக வெட்டி அட்டையில் ஒட்டினார். (எங்கள் தம்மம்பட்டிக்கு வந்திருந்தால் ஒரு தெரு முழுக்க ஆள் கிடைத்திருக்கும்!) 1939-ல் பிரம்மஞான சபை அழைத்து அவர் அடையாறுக்கு வந்தார். 1940-ல் இத்தாலி போரில் இறங்கவே எதிரி நாட்டவர் என்று கட்டுப்பாடு. மகன் மரியோ சில மாதம் முகாமில் அடைபட்டார். 1946 வரை இங்கேயே இருந்து, கொடைக்கானலிலும் பயிற்சி தந்தார். உப்புத்தாள் உருவில் மணல் வீடு திரும்பியது.

அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற டாக்டரும் அன்னா கில்லிங்காம் என்ற ஆசிரியையும், புத்தி நன்றாக இருந்தும் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக, சொல், எழுது, தடவு என்ற அதே வழியை ஒழுங்குபடுத்தினார்கள். இதைத்தான் டிஸ்லெக்சியா என்கிறோம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்தது. என்னோடு படித்த ஒருவனுக்கு அது மிகவும் தாமதம். உளி பிடித்தால் யாளியின் பல் வரிசை பிசகாது. ஆங்கில 'ஸ்பெல்லிங்' மட்டும் நிற்காது. 'மக்கு' என்ற பட்டத்தோடு எட்டாம் வகுப்பில் நின்றுவிட்டான்.

மணல் மந்திரமல்ல. தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி ஏறக்குறைய வந்துவிடும். ஆங்கிலத்தில் கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்ற சொல் 'கே'யில் தொடங்குகிறது! எந்த ஒலி முதலில், எது பிறகு என்ற வரிசை இல்லாமல் வெறுமனே மணலைக் கிளறிப் பயனில்லை. தொடுவதால் மட்டும் எவ்வளவு லாபம் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. என் கட்சி தொடுவதன் பக்கம். தமிழ் மீடியத்திலிருந்து வந்த நம்மில் பலர் செமினாரில் வாய் திறக்க மாட்டோம். 'பேரிங்', 'சக்', 'கீவே' என்ற சொற்களோ ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கையோடு ஒட்டிக்கொண்டன. எவனும் மனப்பாடம் செய்யவில்லை.

அரசுப் பள்ளிகளும் இந்தப் பக்கம் திரும்பின. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-ல் மாநிலம் முழுக்கப் போயிற்று. 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஆங்கிலமும் உண்டு.

போன முறை ஊருக்குப் போனபோது பழைய நண்பனின் பட்டறையில் ஆங்கிலச் சின்ன எழுத்து 26-ம் வாகை மரத்தில் செய்யச் சொன்னேன். 'பி'யை முடித்துவிட்டுப் புரட்டிப் போட்டான். "இதே 'டி' ஆச்சே, இன்னொன்னு எதுக்கு?" என்றான். டிஸ்லெக்சியா பிள்ளைகள் தடுமாறும் இடமும் அதுவே. முன்பக்கம் மட்டும் உப்புத்தாள் ஒட்டி, பின்பக்கத்தை வழவழவென்று விடுவதாக முடிவு செய்தோம்.