இணைய ஏலச் சந்தை: முன்பின் அறியாதவரை நம்புவது எவ்வாறு?

பயன்படுத்திய பொருளை விலைக்கு வாங்குபவர் எதிர்நோக்கும் சிக்கல் மிகவும் பழமையானது. பொருளில் உள்ள குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதன் விளைவை விளக்கினார். நல்ல காரையும் பழுதான காரையும் பிரித்தறிய முடியாதவர் எல்லாக் கார்களுக்கும் ஒரு சராசரி விலையையே தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க அதன் உரிமையாளர் இணங்கமாட்டார். இதனால் நல்ல கார்கள் விலகிக்கொள்ள, சந்தையில் பழுதானவையே எஞ்சும் என்பது அவரது வாதம். 2001ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபெல் பரிசை வென்ற மூவரில் அவரும் ஒருவர்.

இணையவழி ஏலத்தில் இச்சிக்கல் மேலும் கடுமையாகிறது. வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்ப்பதில்லை. விற்பவரின் முகத்தைக்கூடக் காண்பதில்லை. இருவரும் வெவ்வேறு நாடுகளில் இருக்கலாம். அக்கர்லாஃபின் தர்க்கப்படி பார்த்தால் இத்தகைய சந்தை உருவாகியிருக்கவே கூடாது. ஆனால் அது உருவாகி, 30 ஆண்டுகளாக நீடிக்கிறது. ஏமாற்றம் நேர்ந்தால் அதன் சுமையை யார் ஏற்பது என்ற கேள்விக்கு அளிக்கப்பட்ட விடைகளே இச்சந்தையின் வரலாறு எனலாம்.

ஏலத்தின் விதிகள்

1995ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், கலிபோர்னியாவில் வசித்த கணினி மென்பொருளாளர் பியர் ஒமிட்யார், 'ஆக்சன் வெப்' என்ற பெயரில் ஓர் ஏலத் தளத்தைத் தொடங்கினார். ஈரானியப் பெற்றோருக்குப் பாரிஸ் நகரில் பிறந்தவர் அவர். முதலில் விற்பனையான பொருள் பழுதடைந்த ஒரு லேசர் சுட்டுக்கருவி. அது 14 டாலர் 83 சென்ட்டுக்கு விலைபோனது. 1997இல் அத்தளம் 'ஈபே' என்ற பெயரைப் பெற்றது. 1998 செப்டம்பரில் அந்நிறுவனம் பங்குச் சந்தையில் நுழைந்தது.

மீன் சந்தைகளிலும் கோயில் முற்றங்களிலும் 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்று கூவி முடிக்கப்படும் ஏலத்துக்கும் ஈபே ஏலத்துக்கும் முக்கிய வேறுபாடு ஒன்று உண்டு. ஈபேயில் ஏலம் கேட்பவர், தாம் தர இணங்கும் அதிகபட்சத் தொகையை இரகசியமாகப் பதிவு செய்கிறார். கணினி அவர் சார்பில் தேவையான அளவு மட்டும் விலையை உயர்த்திக்கொண்டு செல்கிறது. ஒரு கேமராவுக்கு ஒருவர் 100 டாலரும் இன்னொருவர் 80 டாலரும் பதிவு செய்திருந்தால், முதலாமவர் அதனை 100 டாலருக்கு அல்ல, 81 டாலருக்கே பெறுவார். அதாவது, இரண்டாவது உயர்ந்த கேள்வியை ஒட்டியே விலை அமைகிறது.

இம்முறையின் தர்க்கத்தை வில்லியம் விக்ரே 1961ஆம் ஆண்டு விளக்கினார். 1996இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அஞ்சல்வழியே தபால்தலைகளை ஏலம்விட்ட வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இதனை ஒத்த முறையைக் கையாண்டிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆயினும் ஈபே ஏலம் குறித்த நேரத்தில் முடிவடைவதால், பலரும் கடைசிச் சில விநாடிகள் வரை காத்திருந்து விலை கேட்கின்றனர். அமேசான் நிறுவனம் முன்பு நடத்திய ஏலங்களில், கடைசி நேரத்தில் எவரேனும் விலை கேட்டால் ஏல நேரம் தானாகவே நீட்டிக்கப்பட்டது. இரு தளங்களையும் ஒப்பிட்ட ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் ஆகியோர், ஈபேயிலேயே கடைசி நேரக் கேள்விகள் மிகுதி என்று 2002இல் எடுத்துக்காட்டினர்.

நற்பெயருக்கு ஒரு விலை

ஏல விதிகள் விலையைத் தீர்மானிக்கும். நேர்மையை அவற்றால் உறுதிசெய்ய இயலாது. எனவே 1996ஆம் ஆண்டு தொடக்கத்தில், வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிட்டுப் பகிரங்கமாகக் குறிப்பு எழுதும் முறையை ஒமிட்யார் ஏற்படுத்தினார். ஊருக்குள் ஒரு வணிகரின் பெயர் வாய்மொழியாகப் பரவுவதற்கு ஈடான ஏற்பாடு இது.

இந்த நற்பெயருக்கு உண்மையில் பணமதிப்பு உண்டா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ரெஸ்னிக்கும் அவரது சகாக்களும் இதனைச் சோதித்தனர். பழைய அஞ்சலட்டைகளை விற்ற ஓர் அனுபவமிக்க வணிகர், ஒரே தரமான அட்டைகளைத் தமது பெயர்பெற்ற கணக்கிலும் புதிதாகத் திறக்கப்பட்ட கணக்குகளிலும் விற்றார். பெயர்பெற்ற கணக்குக்கு வாங்குபவர்கள் 8.1 சதவீதம் கூடுதலாகத் தர முன்வந்தனர் என்று 2006இல் வெளியான அந்த ஆய்வு கூறியது.

ஆனால் இம்முறையில் பலவீனமும் இருந்தது. வாங்கியவர் குறை எழுதினால் விற்றவரும் பதிலுக்குக் குறை எழுதுவார் என்ற அச்சத்தில் பலர் மௌனம் காத்தனர். இதன் காரணமாக, வாங்குபவர் மீது விற்பவர் எதிர்மறை மதிப்பீடு அளிக்கும் உரிமையை ஈபே 2008இல் நீக்கியது.

போலிப் பெயர்களும் புகுந்தன. 2000ஆம் ஆண்டு மே மாதம், 25 சென்ட் தொடக்க விலையுடன் பட்டியலிடப்பட்ட ஓர் ஓவியம், அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபன்கார்னின் படைப்பு என்ற எதிர்பார்ப்பில் ஒரு லட்சத்து 35 ஆயிரத்து 805 டாலர் வரை சென்றது. விற்ற வழக்கறிஞரே வேறொரு பெயரில் விலை கேட்டிருந்தது தெரியவந்ததும் ஈபே அந்த விற்பனையை ரத்து செய்தது. 2001இல் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இடைத்தரகரின் பொறுப்பு

நற்பெயர் மட்டும் போதாது என்ற நிலையில், பணம் கைமாறும் வழி முக்கியத்துவம் பெற்றது. ஈபே 2002இல் பேபால் நிறுவனத்தைச் சுமார் 150 கோடி டாலருக்கு வாங்கியது. சீனாவில் 2003இல் தொடங்கப்பட்ட தாவோபாவ், பொருள் வந்து சேரும் வரை பணத்தைத் தானே வைத்திருக்கும் ஏற்பாட்டை அலிபே மூலம் கொண்டுவந்தது. விற்பவர்களிடம் கட்டணமும் பெறவில்லை. கட்டணம் பெற்றுவந்த ஈபே, 2006 இறுதியில் தனது சீனத் தளத்தை உள்நாட்டு நிறுவனம் ஒன்றுடனான கூட்டு முயற்சிக்கு விட்டுக்கொடுத்தது.

மறுபுறம், தளத்தில் மற்றவர்கள் விற்கும் பொருளுக்குத் தளத்தின் உரிமையாளர் பொறுப்பாவாரா என்ற கேள்வி நீதிமன்றங்களை எட்டியது. யாஹூவின் ஏலத் தளத்தில் நாஜிக் காலப் பொருட்கள் விற்கப்பட்டதை எதிர்த்த வழக்கில், பிரான்சில் உள்ளோர் அவற்றை அணுக முடியாதவாறு தடுக்கவேண்டும் என்று பாரிஸ் நீதிமன்றம் 2000 நவம்பரில் உத்தரவிட்டது.

போலி ஆடம்பரப் பொருட்கள் விவகாரத்தில் இரு நாடுகளின் நீதிமன்றங்கள் நேரெதிர் முடிவுகளுக்கு வந்தன. எல்விஎம்எச் நிறுவனக் குழுமத்துக்கு ஈபே சுமார் 4 கோடி யூரோ இழப்பீடு வழங்கவேண்டும் என்று பாரிஸ் வணிக நீதிமன்றம் 2008 ஜூன் இறுதியில் தீர்ப்பளித்தது. இத்தொகை பின்னர் மேல்முறையீட்டில் வெகுவாகக் குறைக்கப்பட்டது. இரு வாரங்களுக்குள், நகை நிறுவனமான டிஃபனி தொடுத்த வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் ஈபேக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. போலிகளைக் கண்காணிக்கும் கடமை வணிகச் சின்னத்தின் உரிமையாளருக்கே உரியது என்பது அதன் நிலைப்பாடு.

இந்தியாவில் இக்கேள்வி ஒரு கைதில் போய் முடிந்தது. ஈபே 2004இல் விலைக்கு வாங்கிய பாஜி டாட்காம் தளத்தில், பள்ளி மாணவர்கள் தொடர்பான ஆபாசக் காட்சிப் பதிவு ஒன்றை ஒரு பயனர் விற்பனைக்கு வைத்தார். தளத்தின் தலைமை நிர்வாகி அவ்னிஷ் பஜாஜ் அவ்வாண்டு டிசம்பரில் டெல்லியில் கைது செய்யப்பட்டார். அவர் மீதான வழக்கை உச்ச நீதிமன்றம் 2012இல் ரத்து செய்தது. இதனிடையே, இடைத்தரகர்களுக்கு நிபந்தனையுடன் கூடிய பாதுகாப்பை விரிவாக்கும் வகையில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2008இல் திருத்தப்பட்டது. அத்திருத்தம் 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஈபேயின் இந்தியத் தளம் 2017இல் ஃபிளிப்கார்ட்டின் கைக்கு மாறி, 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது.

அரசின் பார்வையில்

பொருள் வராவிட்டாலோ, விவரித்தபடி இல்லாவிட்டாலோ பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவாதத்தைப் பெரிய தளங்கள் இன்று அளிக்கின்றன. தொடக்கத்தில் வாங்குபவரே சுமந்த அபாயம் இவ்வாறு நிறுவனத்தின் தோளுக்கு மாறியுள்ளது. இந்த மாற்றத்துடன் ஏலமும் தன் முதன்மையை இழந்துவிட்டது: ஈபேயில் இப்போது பெரும்பாலான விற்பனைகள் குறித்த விலையிலேயே நடைபெறுகின்றன. சரியான விலை எதுவென்று அறிய முடியாத அரிய நாணயங்கள், தபால்தலைகள், பழைய கருவிகள் போன்றவற்றுக்கே ஏலம் இன்னமும் பொருத்தமாக உள்ளது.

மூன்றாவது தரப்பாக அரசும் நுழைந்துள்ளது. அமெரிக்காவில் 2023 ஜூன் முதல், புதிய அல்லது பயன்படுத்தப்படாத பொருட்களைப் பெருமளவில் விற்கும் வணிகர்களின் அடையாளத்தைத் தளங்கள் சரிபார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதலும் பிரிட்டனில் 2024 முதலும், விற்பவர்களின் வருமான விவரங்களைத் தளங்கள் வரித் துறையிடம் அளிக்கவேண்டும். ஆண்டுக்கு 30க்கும் குறைவான பொருட்களை விற்று, 2,000 யூரோவுக்கு மேற்படாத தொகையைப் பெறுபவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

இந்நாடுகளில் வாழும் தமிழர்கள் உட்படப் பலரிடையே இது புதிய வரி என்ற அச்சம் எழுந்தது. உண்மையில் இது தகவல் அளிக்கும் கடமை மட்டுமே. வீட்டில் பயன்படுத்திய சாதாரணப் பொருட்களை வாங்கிய விலைக்குக் குறைவாக விற்பவர் அங்கு இலாபம் ஈட்டுவதில்லை. விற்பதற்கென்றே பொருட்களை வாங்குபவரின் நிலை வேறு. அவரைச் சட்டம் வணிகராகவே கருதும்.

அறிமுகமற்றவர்கள் ஒருவரையொருவர் நம்புவார்கள் என்ற எதிர்பார்ப்பில் தொடங்கிய சந்தை, இன்று நிறுவனத்தின் உத்தரவாதத்தையும் அரசின் பதிவேட்டையும் சார்ந்து இயங்குகிறது. அந்த உத்தரவாதமோ தளத்தின் வழியே செலுத்தப்பட்ட பணத்துக்கு மட்டுமே பொருந்தும். கட்டணத்தை மிச்சப்படுத்தலாம் என்ற யோசனையை ஏற்று, தளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்புபவர், அக்கர்லாஃப் விவரித்த அந்தப் பழைய கார்ச் சந்தைக்கே திரும்பிச் செல்கிறார்.