மூன்று பேர் வேண்டும்!

போன வாரம் ஜமைக்கா சட்டசபை உறுப்பினர் கார்டனைத் தூக்குமேடையில் விட்டுவிட்டு வந்தோம். ‘இதைக் கேட்க ஆளே இல்லையா?’ என்று கொதித்தீர்கள் அல்லவா? வாருங்கள், லண்டனுக்குப் போவோம்.

குடியேற்ற நாடுகளின் அமைச்சர் கார்ட்வெல் வசமாக மாட்டிக்கொண்டிருந்தார். மொரான்ட் பே ஊரில் கறுப்பின மக்கள் செய்த கலகத்தை அடக்கிவிட்டேன் என்று ஜமைக்கா ஆளுநர் ஐர் எழுதியதும் சபாஷ் போட்டவரே இவர்தான். அடுத்த தபால்களில் குட்டு வெளிப்பட்டது. சுட்டதையும் தூக்கில் போட்டதையும் அதிகாரிகளே பெருமையாக எழுதியிருந்தார்கள். அடிமை ஒழிப்புச் சங்கத்தார் விடுவதாக இல்லை.

விசாரணை உறுதி. விசாரிப்பது யார்?

ஜமைக்காக்காரர்களையே போட்டால் வேலை சுலபம். ஊர் தெரியும், பேச்சு புரியும். தோட்ட முதலாளிகளைப் போடலாமா? மொரான்ட் பேயில் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் அவர்களுக்கு வேண்டியவர்கள். சட்டசபைக்காரர்களை? ஐர்மீது வழக்கே வராதபடி சட்டம் போட்டுக் கொடுத்த கூட்டம் அது! கறுப்பின மக்களில் ஒருவரை? 1865, ஐயா. யார் விடுவார்கள்?

வெளியாட்கள்தான்.

முதல் பெயர், மால்டா ஆளுநர் சர் ஹென்றி ஸ்டார்க்ஸ். பட்டாளத்துக்காரர். பட்டாளம் செய்ததைப் பட்டாளத்துக்காரரே விசாரித்தால் யார் முணுமுணுக்க முடியும்? கூடவே இரண்டு சட்டப்புலிகள்: லண்டன் நகர நீதிபதி ரஸல் கர்னி, லீட்ஸ் நகர நீதிபதி ஜான் மால்.

எல்லாம் சரி. ஐர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எந்த ஏழை வாய் திறப்பான்?

அங்கேதான் கார்ட்வெல் கில்லாடி. விசாரணை முடியும்வரை ஸ்டார்க்ஸே ஆளுநர் என்றார். ஐர் வெறும் சாட்சி!

1866 ஜனவரி. ஸ்பானிஷ் டவுனில் விசாரணை தொடங்கியது. ஒருவர் இருவர் அல்ல, 730 சாட்சிகள். பாத் என்ற ஊரில் பெண்களையும் விடாமல் கம்பி முறுக்கிய சாட்டையால் அடித்திருந்தார்கள். அந்தக் கொடுமையும் ஏட்டில் ஏறியது. உள்ளூர்க்காரர்கள் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்திருந்தால் இந்த வாய்கள் திறந்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

ஆனால் ஐரை உறுத்தியது வேறொரு விஷயம்.

கிங்ஸ்டனில் ராணுவச் சட்டம் கிடையாது. அங்கே பிடிபட்ட கார்டனைக் கப்பலேற்றி, அந்தச் சட்டம் இருந்த மொரான்ட் பேக்கு ஏன் கொண்டுபோனார்கள்?

அந்தக் கப்பலில் ஐரும் இருந்தார்!

என்ன பதில் சொன்னார்?

(அடுத்த வாரம்)